க்ரீமில் குங்குமப்பூ எவ்வளவு? அச்சிட்டுச் சொல்லட்டும்

மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் மருந்துக்கடையில் சளி மாத்திரைக்கு அடுத்தபடியாக அதிகம் போவது தோல் வறட்சிக்கான க்ரீம்தான். ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கம் கடை. விசைத்தறி ஓட்டுகிறவர்கள், சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கும் பெரியவர்கள் என்று எல்லாத் தரப்பும் வருவார்கள். க்ரீம் வாங்குவதில் மட்டும் எல்லோருக்கும் வழி ஒன்றுதான். முன்பக்கப் படத்தைப் பார்ப்பார்கள், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறவர் அபூர்வம். திருப்பினாலும் எக்ஸ்பயரி தேதியோடு நின்றுவிடுவார்கள்.

அந்தப் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நூறு ரூபாய் லோஷனையும் ஆயிரம் ரூபாய் லோஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பட்டியலைப் படித்தால், முதல் ஐந்தாறு பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தண்ணீர், கிளிசரின், ஏதோ ஒரு எண்ணெய் அல்லது பாராஃபின், சீட்டைல் ஆல்கஹால் போன்ற ஒரு கொழுப்பு, ஒரு சிலிக்கோன். தோலைக் காப்பாற்றுவது இவைதான். விலையில் வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் இவற்றுக்குக் கீழே வருகிற பெயர்கள். அவை எவ்வளவு சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இன்றைக்கு எந்தக் கம்பெனிக்கும் இல்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் தோல் ஏன் வறள்கிறது என்று பார்த்துவிடலாம். உள்ளங்கை, உள்ளங்காலைத் தவிர மற்ற இடங்களில் தோலின் மேல்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். உயிரற்ற செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவே கொழுப்பு சாந்து மாதிரி பூசியிருக்கும். அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு; மீதியில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். பனிக்காற்று, ஏசி அறை, சோப்பு, பாத்திரம் விளக்கும் பவுடர், வயது எல்லாம் இந்தச் சாந்தைத்தான் கரைக்கின்றன. சாந்து போனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் அழுக்கும் ரசாயனமும் உள்ளே போகும். அரிப்பும் எரிச்சலும் அப்படி வருபவைதான்.

இதற்கு மூன்று வகைச் சரக்கு உதவும். கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், ஹயலூரானிக் அமிலம் ஆகியவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாராஃபின், டைமெத்திகோன், தேன்மெழுகு ஆகியவை மேலே மூடி ஈரம் போகாமல் தடுக்கும். சீட்டைல் ஆல்கஹால், ஷியா பட்டர், தாவர எண்ணெய்கள் ஆகியவை சொரசொரப்பைப் போக்கி வழவழப்பாக்கும். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துவிட்டுச் சீட்டைல் ஆல்கஹால் உள்ள க்ரீமைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அது மெழுகு போன்ற கொழுப்பு. சாராயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தோலை உலர்த்தவும் உலர்த்தாது.

மூடிவைக்கும் வகையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சிய பொருள் இன்றுவரை வரவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் பம்புக் கம்பியில் ஒட்டிக்கொண்ட மெழுகைத் தொழிலாளர்கள் காயத்துக்கும் சுட்ட புண்ணுக்கும் தடவிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்து 1872-இல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ பொருள்கள் வந்துவிட்டன. ஆனாலும் தோல் டாக்டர்கள் கைவெடிப்புக்கும் உதட்டு வெடிப்புக்கும் இன்றும் அதையே எழுதுகிறார்கள். கடையில் இருக்கிற மலிவான பொருள்களில் அதுவும் ஒன்று. சீட்டில் 'ஒயிட் சாஃப்ட் பாராஃபின்' என்று எழுதியிருந்தாலும், க்ரீம் டப்பாவில் 'பெட்ரோலேட்டம்' என்று போட்டிருந்தாலும் சரக்கு ஒன்றுதான். பிசுபிசுக்கும், துணியில் ஒட்டும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் முகத்தில் போட முடியாது. குறை அவ்வளவுதான்.

யூரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பித்தவெடிப்புக்குக் கேட்டு வருகிறவர்களிடம் யூரியா க்ரீமைக் கொடுத்தால், "ஏனுங்க அம்மிணி, வயலுக்குப் போடற யூரியாவுங்களா?" என்று திகைப்பார்கள். பெயரும் பொருளும் அதுதான், இது சுத்திகரித்தது. நம் தோலிலேயே இயற்கையாக யூரியா இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. 10 சதவீதம் வரை இருந்தால் ஈரம் காக்கும். 20, 40 என்று ஏறினால் கெட்டித்த தோலைக் கரைக்கும். ஒரே பொருள், அளவு மாறினால் வேலையே மாறிவிடுகிறது. வெடித்த இடத்தில் எரியும், குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது. சர்க்கரைக்காரர்களின் குதிகால் வெடிப்பை வெறும் அழகுப் பிரச்சினையாக நினைக்க முடியாது. அதன் வழியாகக் கிருமி புகுந்து காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அவர்களுக்கு எத்தனை சதவீதம் என்பது தெரிந்தே ஆக வேண்டும். மருந்தாக விற்கும் டியூபில் அது தெரியும். யூரியா 12 சதவீதம், லாக்டிக் அமிலம் 6 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதே யூரியாவை அழகுசாதனமாக விற்றால் வெறும் 'யூரியா' என்ற பெயர் மட்டும் பட்டியலில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும்.

அந்தப் பட்டியலைப் படிக்கும் வழியைச் சொல்கிறேன். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதற்குப் பின்னால் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கோடு போட்டுக் காட்ட வேண்டியதில்லை என்பதால் அந்த ஒரு சதவீதம் எங்கே முடிகிறது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. ஓர் அடையாளம் இருக்கிறது. ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தும் பொருள் நிறைய க்ரீம்களில் இருக்கும். வழக்கத்தில் அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஐரோப்பாவில் சட்டமே அந்த உச்சவரம்பை வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிறவை எல்லாம் ஒரு சதவீதமோ, அதற்கும் கீழோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு கடை அலமாரியைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. முன்பக்கத்தில் குங்குமப்பூ, பாதாம், தேன், சந்தனம் என்று டப்பா முழுக்கப் படம். பின்பக்கத்தில் அவற்றின் பெயர்கள் ஃபீனாக்ஸி எத்தனாலுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால், கடைசி வரியில். அது 0.5 சதவீதமா, 0.001 சதவீதமா என்று கேட்டால் கம்பெனி ரெப்புக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, காசு கொடுக்கிறவருக்கும் தெரியாது.

ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஹயலூரானிக் அமிலத்தை ஒரு சதவீதம் போட்டாலே கரைசல் கூழாகிவிடும், அதனால் குறைவாகத்தான் சேர்க்க முடியும். செராமைடும் கொஞ்சம் இருந்தாலே பயன் தரக்கூடியது. ஆனால் கொஞ்சம் என்பதற்கும் பெயருக்கு என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. விளம்பரம் பார்த்துவிட்டுச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஹயலூரானிக் சீரம் கேட்டு வரும் கல்லூரிப் பெண்கள் பாக்கெட் மணியை மிச்சம் பிடித்து வாங்குகிறார்கள். அந்தச் சீரத்தில் தண்ணீருக்கு அடுத்து நிற்பது பெரும்பாலும் கிளிசரின்தான். கிளிசரின் 1779-லேயே கண்டுபிடிக்கப்பட்டது, சோப்புத் தொழிலில் உபரியாகக் கிடைப்பது, எங்கள் கடையிலேயே தனிப் பாட்டிலில் சொற்ப விலைக்கு இருக்கிறது. ஈரம் பிடிப்பதில் அதை நம்பாத தோல் மருத்துவப் புத்தகம் கிடையாது. அந்தப் பெண்களிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். வாங்குவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

மாத்திரை விற்பதைவிட இந்த க்ரீம்களில் எனக்கு லாபம் அதிகம். அப்படியிருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம், சாப்பாட்டுப் பொருளுக்கு இதே நாட்டில் வேறு நியாயம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, பாக்கெட்டில் ஒரு பொருளைச் சிறப்பாக முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். முந்திரி பிஸ்கட் என்று பெயர் வைத்தால் முந்திரி எவ்வளவு என்று போட வேண்டும். ஐந்து ரூபாய் பிஸ்கட் காட்டும் கணக்கை ஐந்நூறு ரூபாய் குங்குமப்பூ க்ரீம் காட்ட வேண்டாமா? ஃபார்முலா ரகசியம் வெளியே போய்விடும் என்கிறார்கள். முழு ஃபார்முலாவையும் யாரும் கேட்கவில்லை. முன்பக்கத்தில் எதன் பெயரைப் போட்டுக் காசு வாங்குகிறார்களோ, அதன் அளவை மட்டும்தான் கேட்கிறோம். பிஸ்கட் கம்பெனிகள் அதைச் சொல்லிவிட்டு நன்றாகத்தான் தொழில் செய்கின்றன.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொரு விதி. 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைந்த க்ரீமுக்கும் உட்பொருள் பட்டியலே போட வேண்டியதில்லை என்று சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. பல கம்பெனிகள் தாமாகவே அச்சிடுகின்றன, அவர்களைப் பாராட்ட வேண்டும். அச்சிடாதவர்களை யாரும் கேட்க முடியாது. சின்ன டப்பாவை வாங்குகிறவர் யார்? வாரக் கூலி வாங்குகிறவர். பெரிய பாட்டில் வாங்க ஒரே சமயத்தில் கையில் காசு இல்லாதவர்.

மெஸ் ஒன்றில் பாத்திரம் விளக்கும் ஓர் அம்மா வந்தார். இரண்டு கையிலும் விரல் மடிப்பெல்லாம் வெடித்து, புறங்கை சிவந்து, பொரிப்பொரியாக இருந்தது. "கை எரியுது கண்ணு, சோறு பெசஞ்சு திங்க முடியல" என்றார். சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த ஒரு குட்டி டப்பாவை எடுத்துக் காட்டினார். 20 கிராம். மூடியில் குங்குமப்பூவும் பாதாமும் படம். எரிச்சல் பாத்திரச் சோப்பால் வந்ததா, இந்தக் க்ரீமின் வாசனையால் கூடியதா என்று பார்க்கலாமென்று திருப்பினேன். விலை, தேதி, முகவரி எல்லாம் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியைக் கொடுத்து, ராத்திரி கை கழுவித் துடைத்ததும் கெட்டியாகத் தடவிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். விளக்கும்போது உள்ளே பருத்தி உறையும் மேலே ரப்பர் உறையும் போடச் சொல்லி, தோல் டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் முதலில் கேட்பது "என்ன போட்டீங்க?" என்றுதான். அதற்கு அந்த அம்மாவிடம் இருக்கிற ஒரே பதில் அந்த டப்பா. அந்த டப்பாவோ வாய் திறக்காது.

வாசனை என்பது சாதாரண விஷயம் இல்லை. பட்டியலில் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே வார்த்தைக்குள் பல பத்து ரசாயனங்கள் இருக்கலாம். தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாவது இதுதான். ஒவ்வாமை உண்டாக்கும் வாசனைப் பொருள்கள் என்று ஐரோப்பாவில் 26 பெயர்களைத் தனித்தனியாக எழுத வைத்திருந்தார்கள். 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டிவிட்டார்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு வாங்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்து, மணம் வந்தால் அதை வைத்துவிடுங்கள். மணத்துக்காக வாங்கும் நம் பழக்கத்துக்கு நேர் எதிராக இருக்கிறது, ஆனால் குழந்தையின் தோலுக்கு அதுதான் நல்லது.

"இயற்கையானது", "கெமிக்கல் இல்லாதது" என்ற வாசகங்களையும் நம்பிவிட வேண்டாம். வசதியான வீடுகளில் பிறந்த குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் வாங்கிப் போகிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களின் முன்கையில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்த்தபோது தோலின் காப்புப் படலம் பலவீனமானது, லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. டாக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில், மருத்துவமனையில் தொற்றும் கிருமிப் பாதிப்பு 41 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் லான்செட் இதழில் வந்தது. நம் தேங்காய் எண்ணெய்க்கும் நல்ல சான்று இருக்கிறது. 2004-இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர்களிடம் பரிசோதித்தபோது, வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலுக்குச் சமமாக வேலை செய்தது. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் முகத்தில் தவிர்த்துக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய்க்குக் கொடுக்கும் விலையில் இந்த இரண்டையும் வாங்கி வீட்டில் வைக்கலாம்.

"பாராபென் இல்லை" என்ற வாசகத்துக்கும் ஒரு கதை உண்டு. 2004-இல் வந்த ஓர் ஆய்வைத் தொடர்ந்து பாராபென் என்ற பதப்படுத்தியின் மீது உலகம் முழுக்கப் பயம் பரவியது. அதை எடுத்துவிட்டுப் பல கம்பெனிகள் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியைப் போட்டன. அது ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பிறகு ஐரோப்பா, தடவிக் கழுவாமல் விடும் க்ரீம்களில் அதைத் தடை செய்தது. அதே சங்கம் 2019-இல் பாராபெனை ஒவ்வாமை உண்டாக்காத பொருள் என்று அறிவித்தது. எது இல்லை என்று முன்பக்கத்தில் போடுகிறவர்களிடம், அதற்குப் பதில் எதைப் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

கடைசியில் எந்தக் க்ரீம்தான் நல்லது என்று கேட்பீர்கள். கரப்பான் உள்ள 550 குழந்தைகளை இங்கிலாந்தில் நான்கு பிரிவாகப் பிரித்து லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்று ஒவ்வொரு வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. எந்த வகையும் மற்றொன்றைவிட மேலாக வேலை செய்யவில்லை. தினமும் தவறாமல் போடத் தோதானது எதுவோ அதுதான் நல்லது. அளவும் முக்கியம். கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை வேண்டும் என்று அந்த நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஐம்பது கிராம் டப்பாவை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினால் யாருக்கும் அப்படித் தாராளமாகப் பூச மனம் வராது, விரல் நுனியில் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். விலை ஏறினால் அளவு குறைகிறது, அளவு குறைந்தால் பலனும் குறைகிறது. மணமில்லாத, கிளிசரினும் பாராஃபினும் பட்டியலின் தலைப்பில் இருக்கிற பெரிய பாட்டிலை வாங்குங்கள். குளித்துத் துடைத்த உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே கை நிறைய எடுத்துப் பூசுங்கள். ஆறாத வெடிப்பு, நீர் வடியும் புண், சர்க்கரைக்காரரின் கால் என்றால் கடைக்கு வராமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

மத்திய சுகாதார அமைச்சகத்திடம் கேட்பது இரண்டு திருத்தம். முன்பக்கத்தில் பெயர் சொல்லி விற்கிற பொருளின் சதவீதத்தை அச்சிட வேண்டும். சின்ன டப்பாவுக்கும் பாக்கெட்டுக்கும் கொடுத்திருக்கும் விலக்கை எடுத்துவிட வேண்டும்; இடம் போதவில்லை என்றால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு மடித்து வைக்கட்டும். மாத்திரை அட்டைக்கும் கண் சொட்டு மருந்துக்கும் அதைத்தான் செய்கிறோம். அந்தத் திருத்தம் வரும் வரை, உட்பொருள் பட்டியல் இல்லாத க்ரீமை யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், காசு கொடுக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.